மலையை வலப்பக்கம் வைத்து

ஐப்பசி மழையில் தனியாகச் சைக்கிள் மிதித்து ஜவ்வாது மலையைச் சுற்றி வந்தவன் என்று தெரிந்தால், சிலர் என்னைப் பெரிய சாகசக்காரனாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஒரு அச்சாபீசில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோர்க்கிற வேலை. நாள் முழுக்க நின்ற இடத்தில் நின்று விரல் மட்டும் வேலை செய்யும். கிரிவலப் பாதையைத் தவிர நான் எதையும் சுற்றி வந்ததில்லை. சாகசம் செய்கிற உடம்பும் இல்லை, அந்தப் புத்தியும் இல்லை.

போகவேண்டி வந்தது என் அண்ணன் ஏகாம்பரத்துக்காக. என்னைவிட ஆறு வயது மூத்தவர். மலையில் ரோடு போடுகிற வேலையில் மேஸ்திரியாகச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் எல்லாம். போகும்போது தன் சைக்கிளை எனக்கு விட்டுப் போனார். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றாகவே இருக்கும்: “பிரேக் கட்டையை மாற்றடா.” நான் மாற்றவில்லை. ஊருக்குள் ஓட்டுகிற சைக்கிளுக்குப் பிரேக் எதற்கு, காலை ஊன்றினால் போதாதா என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிற ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் கோணிப்பை, உடம்பெல்லாம் மழைத் தண்ணீர்.

“மேஸ்திரி வூடு இதானுங்களே? அவருக்குக் குளிர் ஜுரங்க. ஒடம்பத் தூக்கித் தூக்கிப் போடுதாம். தம்பிய மாத்திர வாங்கிக்கினு வரச் சொன்னாருன்னு சொல்லிவுட்டாங்க.”

“எந்த எடத்துல இருக்காரு?” என்று கேட்டேன்.

“ரோட்டு வேல நடக்கற எடத்துலங்க. நான் பாக்கல. சந்தையில ஒருத்தரு சொன்னாரு, நான் உங்ககிட்ட சொல்றேன்.”

ரோட்டு வேலை இரண்டு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒரு கூடாரம் செங்கம் பக்கம், பரமனந்தலுக்கு மேலே. இன்னொன்று போளூர் பக்கம், அத்திமூருக்கு மேலே. நடுவில் மலையுச்சி, ஜமுனாமரத்தூர். அண்ணன் எந்தக் கூடாரத்தில் இருக்கிறார் என்று வந்தவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மழையில் இரண்டு பக்கமும் ரோடு அறுந்துபோய், பஸ்கள் அடிவாரத்தோடு நின்றுவிட்டன. ஒரு கூடாரத்தில் ஆள் இல்லையென்றால் மலையைத் தாண்டி அடுத்ததற்குப் போகவேண்டும். நடந்து ஆகிற காரியமில்லை. சைக்கிள்தான்.

எந்தப் பக்கம் முதலில் ஏறுவது என்பதில் எங்கள் வீட்டில் பேச்சே நடக்கவில்லை. அம்மா சொன்னார், “செங்கத்துல ஏறு. போளூர்ல எறங்கு. மலைய வலப்பக்கமாவே வெச்சிக்கினு போ. எந்த மலையா இருந்தா இன்னா, மலை மலைதான்.”

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்களூரில் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கவேண்டுமென்றாலும் மாடவீதியை வலமாகச் சுற்றித்தான் போவோம். கிட்ட வழி இடப்பக்கம் இருந்தால் அது எங்கள் கண்ணில் படாது. அம்மாவோ பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். ஒன்பது பௌர்ணமி சுற்றிய பிறகுதான் அண்ணனுக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது என்பது அவருடைய கணக்கு. அவர் சொல்லாவிட்டாலும் நான் செங்கம் ரோட்டில்தான் போயிருப்பேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மலேரியா மாத்திரை கொடுத்தார். “மொத வேளைக்கு நாலு. அப்புறம் ரெண்டு ரெண்டா. சீக்கிரம் குடுத்தா பொழச்சிக்குவாங்க. தள்ளிப் போடாதீங்க” என்றார். அதை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டேன். நான்கு நாளும் அந்த டப்பா என் தொப்புளை அழுத்திக்கொண்டே இருந்தது.

திங்கள் விடிந்ததும் கிளம்பினேன். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்து, சைக்கிள் கைப்பிடியில் குங்குமம் வைத்தார். தெருமுனை திரும்புவதற்குள் மழை அதைக் கழுவிவிட்டது.

செங்கம் ரோடு முழுக்கப் புளியமரம். ஒவ்வொரு மரமும் தனியாக ஒரு மழை பெய்தது. எதிர்க்காற்றில் மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. அண்ணன் இந்தச் சைக்கிளில் இரண்டு மூட்டை வேர்க்கடலை ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். எனக்கு ஒரு டப்பா மாத்திரையை ஏற்றிப்போக மூச்சு வாங்கியது. செங்கத்துக்கு மூன்று மைல் இருக்கும்போது செயின் அறுந்தது. தள்ளிக்கொண்டே போனேன்.

செங்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் ஒரு பாய். வெள்ளைத் தாடி, கிரீஸ் பிடித்த லுங்கி. நான் வாயைத் திறப்பதற்குள், “திருவண்ணாமலையா?” என்றார்.

“எப்படி பாய் கண்டுபிடிச்சீங்க?”

“மலைக்கு ஏறற சைக்கிள்காரன் எவன் இங்க வருவான்? இந்தப் பக்கம் ஏத்தம் ஜாஸ்தி. போளூர்ப் பக்கம் கம்மி. உங்க ஊருக்காரங்க மட்டுந்தான் இப்டி வந்து நிப்பாங்க. எங்க மச்சான் உங்க ஊருதான். அவனே மலையச் சுத்தாதவன், ஆனா சைக்கிள்ல வந்தா இந்த வழியாத்தான் வருவான்!” என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் எந்தக் கூடாரத்தில் இருக்கிறாரோ, இவருக்குச் சிரிப்பு என்று நினைத்தேன். அவர் விஷயம் தெரியாமல் சிரித்தார். சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, செயினை மாட்டி, பிரேக்கை அழுத்திப் பார்த்தார்.

“கட்டையே இல்லயே தம்பி. வெறும் இரும்பு ஒரசுது. என்கிட்ட இந்த வண்டிக்கு ஆவறது இல்ல. எறக்கத்துல எறங்கி நடந்துடுங்க. கேக்கறீங்களா?”

வேலைக்குக் கூலி வாங்க மறுத்து, ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து திரும்பிப் போளூருக்குப் போயிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். வரவே இல்லை. அன்றிரவு பரமனந்தலில் ஒரு மளிகைக் கடை வாசலில் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏற்றம். அதற்கு மேல் சைக்கிள் என்னைச் சுமக்கவில்லை, நான்தான் அதைச் சுமந்தேன். நூறு அடி மிதிப்பேன், பிறகு தள்ளுவேன். ரோடு என்று சொல்வதற்குச் சரளைக்கல்லும் சேறும்தான். இரண்டு பக்கமும் காடு ஓசையில்லாமல் நனைந்துகொண்டிருந்தது. சந்தன மரங்களில் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். பள்ளத்தைப் பார்த்தால் மூட்டம், மேலே பார்த்தால் மூட்டம். எங்கள் அண்ணாமலையை எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் முழுசாகத் தெரியும், நாம் எங்கே நிற்கிறோம் என்று அதுவே சொல்லிவிடும். இந்த மலைக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. வலப்பக்கம் வைத்துக்கொள்ள எதுவுமே தெரியவில்லை. வழியெல்லாம் “அண்ணா, அண்ணா” என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளினேன். பயமாக இருந்தது.

மத்தியானம் முதல் கூடாரம் வந்தது. கூடாரம் இல்லை, அது இருந்த இடம்தான் இருந்தது. காலி தார் டிரம், மூன்று அடுப்புக் கல், சேற்றில் ஒரு கிழிந்த கோணி. பக்கத்துக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஃபாரஸ்ட் கார்டு எட்டிப் பார்த்தார்.

“மேஸ்திரி ஆளுங்களா? பத்து நாளாச்சே போயி. எல்லாரும் அத்திமூர்ப் பக்கம் வேல செய்யறாங்க.”

அத்திமூர் என்றால் போளூர்ப் பக்கம். நான் மலையின் தப்பான பக்கத்தில் நிற்கிறேன். திரும்பி இறங்கி, ஊர் போய், போளூர் போய் ஏறுவதற்கு ஆகிற அதே நேரம் முன்னால் போகவும் ஆகும். முன்னாலேயே போவது என்று முடிவு செய்தேன். ஒரு மைல்கூடப் போயிருக்கமாட்டேன், ஓடை ஒன்று ரோட்டின் மேல் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. கார்டு பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“காலைல வடிஞ்சிடும். இப்ப எறங்கனா சைக்கிள் மட்டுந்தான் அக்கரைக்குப் போவும்.”

அவருடைய கொட்டகையில் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும் போட்டார். நல்ல குழம்பு. இறங்கவில்லை. உருண்டையை விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். அவர் தன் ஊர் ஆரணி என்றும், மகளுக்கு வரன் பார்ப்பதாகவும் சொன்னார். பத்திரிகை அடிக்க எங்கள் அச்சாபீசுக்கு வரச் சொன்னேன்.

புதன்கிழமை ஓடையைச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டினேன். ஜமுனாமரத்தூர் போய்ச் சேரும்போது பிற்பகலாகிவிட்டது. ஊர் முழுக்க அடுப்புப் புகையும் மூட்டமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“ஏகாம்பரம் மேஸ்திரிக்கா நீ தம்பி? மொகஜாடை அப்டியே இருக்குது. போன வாரம் சந்தைக்கு வந்தாரு. கம்பளிய போத்திக்கினு டீ குடிச்சாரு. கிளாஸ் கையில நிக்கல, நான்தான் புடிச்சிக்கினேன். இங்கயே படுத்துக்கோன்னேன். வேல கெடக்குதுன்னு போயிட்டாரு.”

உடனே இறங்குகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினேன். அவர் எழுந்துவந்து பிரேக்கைப் பார்த்தார். மலைக்காரர்கள் முதலில் பிரேக்கைத்தான் பார்க்கிறார்கள்.

“இதுல, இந்த மூட்டத்துலயா? அண்ணனப் பாக்கமாட்ட, எமனத்தான் பாப்ப. பேசாம உள்ள வந்து உக்காரு.”

நான் சண்டை போட்டேன். மழை வலுத்தது. அவர்தான் ஜெயித்தார். சாமைச் சோறும் ரசமும் ஊற்றிக் கொடுத்தார். போளூரிலிருந்து வந்திருந்தால் திங்கட்கிழமை மத்தியானமே பார்த்திருக்கலாமே என்று கடையில் இருந்த ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். “ஏங்க செங்கத்துல ஏறனீங்க?” என்று கேட்டார். என்ன சொல்வது? அண்ணனுக்கு மாத்திரை கொண்டுபோகிறவன் மலையை மரியாதையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்றா?

வியாழன் காலையில் அந்த அக்கா ஒரு தழைக் கொப்பை வெட்டி, கயிற்றால் சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டார். கொப்பு தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தால் வண்டி ஓடாதாம். உண்மைதான். மலைச்சரிவில் சரசரவென்று ஒரு மரத்தை இழுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு இடத்தில் கயிறு அறுந்து, விழுந்து, முழங்கை சிராய்த்தது. டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அது பத்திரமாக இருந்தது. எதிரில் வந்த புல்லுக்கட்டுக்காரப் பெண்கள் என்னையும் கொப்பையும் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. வந்துவிட்டேன், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற தெம்பு.

ஒரு வளைவு திரும்பியதும் கூடாரம் தெரிந்தது. அதற்கு முன்னால், ரோட்டோரத்தில், நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் போட்டு, அதன் கீழ் ஒரு கயிற்றுக் கட்டில். காலியாக இருந்தது. தலைமாடு பள்ளத்துப் பக்கமும் கால்மாடு மேட்டுப் பக்கமுமாக, படுத்திருக்கிறவன் மேலேயிருந்து வரும் ரோட்டையே பார்க்கிற மாதிரி போட்டிருந்தார்கள். நான் அந்த ரோட்டில்தான் வந்து நின்றேன்.

சமையல் செய்துகொண்டிருந்த காசியம்மா என்கிற பெண் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். யார் என்று கேட்கவே இல்லை.

“வந்துட்டியாப்பா. நேத்து விடியக்காலம் போயிட்டாருப்பா. சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தோம். இந்த மழைல தாங்காதுன்னுதான்…”

பலா மரத்தடியில் புது மண். சுற்றிலும் ரோட்டுக்கு உடைத்த ஜல்லியை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அண்ணனிடம் வேலை செய்த ஆட்கள் செய்தது. மிக ஒழுங்காக இருந்தது. நான் சத்தம் போட்டு அழுதேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

பிறகு காசியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். “திங்கக்கெழமையே நாலு பேரு கட்டிலோட தூக்கி அத்திமூர்ல எறக்கி பஸ் ஏத்திடலாம்னாங்க. ரெண்டு மணி நேரந்தான். ரோடு அறுந்த எடத்துல முட்டி அளவுதான் தண்ணி. அவரு ஒத்துக்கல. ‘என் தம்பி மாத்திரையோட கெளம்பியிருப்பான். மேல இருந்துதான் வருவான், செங்கத்துல ஏறி. எங்கம்மா வேற வழியா அனுப்பாது. நான் கீழ போயிட்டா அவன் என்னைக் காணாம திண்டாடுவான்’னாரு. கட்டிலக்கூட இப்டித் திருப்பிப் போடச் சொன்னது அவருதான். கண்ண மூடற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கினு இருந்தாரு.”

அண்ணன் என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தார். அம்மாவையும்.

கூடாரத்துக்குள் காசியம்மாவின் புருஷன் சாக்குக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். சட்டையைத் தூக்கி டப்பாவை அவிழ்த்துக் கொடுத்தேன். மொத வேளைக்கு நாலு, அப்புறம் ரெண்டு ரெண்டா என்று கம்பவுண்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். வயிற்றில் டப்பா அழுத்திய இடம் சிவந்து வட்டமாக இருந்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார் என்று தேன்காரர் பின்னால் ஒருமுறை சொன்னார். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் பொறாமையும்பட்டேன்.

மத்தியானம் அண்ணனுடைய கம்பளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அத்திமூர் வந்துவிட்டது. அன்றிரவு போளூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அங்கே ஓட்டலில் ஆறு இட்லி தின்றேன். பசித்தது, என்ன செய்ய. என்னை நானே திட்டிக்கொண்டு தின்றேன்.

போளூரிலிருந்து ஊருக்கு வெயில் அடித்தது. ஐந்து நாளில் முதல் வெயில். ஜவ்வாது மலை நீலமாக, முழுசாக, வழியெல்லாம் என் வலப்பக்கத்தில் வந்தது. அது முடிகிற இடத்தில் அண்ணாமலை தெரிந்தது. அதுவும் வலப்பக்கம்தான்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தையும் கேரியரில் இருந்த கம்பளியையும் பார்த்ததும் தெரிந்துகொண்டார். அழுது ஓய்ந்து, வெகு நேரம் கழித்துத் தலையைத் தூக்கி ஒன்று கேட்டார்.

“எந்தப் பக்கம்டா இருந்தான்?”

“அத்திமூர்ப் பக்கம்.”

அவர் பிறந்த ஊர் போளூர். அத்திமூர் எங்கே, செங்கம் எங்கே என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கண் சுவரில் ஒரு இடத்தில் நின்றது. மனசு வழியைப் போட்டுப் பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால், தான் அனுப்பிய வழிதான் சுற்று வழி என்று கண்டுபிடித்துவிடுவார்.

“நீ மலைய வலமாத்தானடா போன?” என்றார்.

“இல்லம்மா” என்றேன். “தேரடி வரைக்கும் போனேன். மனசு மாறிடுச்சி. போளூர் ரோட்டுல திரும்பிட்டேன். அத்திமூராண்ட வெள்ளம். மூணு நாளா தாண்ட முடியல. அங்கியே கெடந்தேன்.”

அம்மா என்னை அப்படியே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“எடமா போயிருக்கியேடா பாவி. எடமா போனா தண்ணி எப்டிறா வழி வுடும்? நான் சொன்னபடி போயிருந்தா எம்புள்ளயப் பாத்திருப்பியே!”

“ஆமாம்மா” என்றேன்.

அதன்பிறகு ஒரு வருஷம் அவர் என்னுடன் சரியாகப் பேசவில்லை. சோறு போடுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னார். சொந்தத்தில் பெண் கேட்கப் போன இடத்தில்கூட, பெரியவன் விஷயத்தில் இவன்தான் பேச்சைக் கேட்காதவன் என்று சொல்லிவிட்டு வந்தார். சில நாள் எனக்குத் தாங்காது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். ஆனால் பௌர்ணமி வந்தால் அவர் விடியலிலேயே குளித்து, விபூதி பூசி, செருப்பில்லாமல் கிளம்பிவிடுவார். அதைப் பார்ப்பேன், வாயை மூடிக்கொள்வேன்.

எண்பதுகளில் அவருக்கு முட்டி வலி வந்தது. துணைக்கு நானும் சுற்ற ஆரம்பித்தேன். கூட்டம் அப்போது கம்மி. ஒரு பௌர்ணமி, அடி அண்ணாமலையில் ஒரு கடை வாசலில் கொஞ்சம் உட்கார்ந்தோம். சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். அவர் எதிரில் நின்ற மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“அன்னிக்கே இப்டி வலமா போயிருக்கக் கூடாதாடா?” என்றார்.

“தப்புதாம்மா” என்றேன். அவர் நடந்தார். நானும் கூடவே நடந்தேன்.